ஏறுமுகம், இறங்குமுகம், உச்சம்: ஷரபுத்தீன் அத்தூஸியும் பெறுதிக் கணிதமும்

முஸ்லிம்களின் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் அண்மைக் காலமாக ஒரு கூற்றை அடிக்கடி முன்வைத்து வருகின்றனர். நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஷரபுத்தீன் அத்தூஸி என்ற அறிஞர் நுண்கணிதத்தின் பெறுதியைக் கண்டறிந்துவிட்டார் என்பதே அக்கூற்று. இது பெருமை தரும் செய்திதான். எனினும் பெறுதி என்பது யாது, அத்தூஸி உண்மையில் செய்தது யாது என்ற இரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் இதனை ஏற்பதும் மறுப்பதும் அறிவுக்குப் பொருந்தா.

முதலில் ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சதுர அடியுடைய ஒரு பெட்டி செய்ய வேண்டும். அடிச் சதுரத்தின் ஒரு பக்கமும் பெட்டியின் உயரமும் சேர்ந்து 6 அடியாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பக்கம் 1 அடியானால் உயரம் 5 அடி. கனவளவு 5 கன அடி. பக்கம் 2 ஆகும்போது கனவளவு 16. பக்கம் 3 ஆகும்போது 27. பக்கம் 4 ஆகும்போது 32. இதுவரை ஏறுமுகம். பக்கம் 5 ஆனதும் கனவளவு 25 ஆகக் குறைகிறது. பக்கம் 6 ஆனால் உயரமே இல்லை, கனவளவும் பூச்சியம். ஆக, பக்கம் மாற மாறக் கனவளவும் அதனைச் சார்ந்து மாறுகிறது. இவ்வாறான தொடர்பையே சார்பு என்கிறோம். 4 என்ற இடத்தில் உச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் 3.9இலோ 4.1இலோ கனவளவு 32ஐ விஞ்சாது என்பதற்கு இந்த ஆறு எண்களும் சான்றாகமாட்டா.

இங்குதான் பெறுதி துணைக்கு வருகிறது. பக்கத்தை மிகச் சிறிதளவு கூட்டினால் கனவளவு என்ன வீதத்தில் மாறும் என்பதைச் சொல்வதே பெறுதி. நமது பெட்டியின் கனவளவு, பக்கத்தின் வர்க்கத்தை ஆறால் பெருக்கி, அதிலிருந்து பக்கத்தின் கனத்தைக் கழித்தால் கிடைப்பது. அதன் பெறுதியோ, பக்கத்தின் 12 மடங்கிலிருந்து பக்கத்து வர்க்கத்தின் 3 மடங்கைக் கழித்தால் வருவது. பக்கம் 3 எனில் 36இலிருந்து 27 போக 9. இது நேர் எண், எனவே அவ்விடத்தில் சார்பு ஏறுகிறது. பக்கம் 5 எனில் 60இலிருந்து 75ஐக் கழிக்க மறை 15, எனவே இறங்குகிறது. பக்கம் 4இல் 48இலிருந்து 48 போகப் பூச்சியம். 0க்கும் 4க்கும் இடைப்பட்ட எல்லா அளவுகளிலும் பெறுதி நேராகவும், 4க்கு அப்பால் எங்கும் மறையாகவும் இருப்பதால், 4இல் அமைந்திருப்பது உச்சமே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கம் 2இல் பெறுதி 12, 3இல் 9. அதாவது கனவளவு ஏறிக்கொண்டேயிருக்க, ஏறும் வேகம் மட்டும் தணிகிறது. பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வரும்போது பொருள்களின் விலை குறைந்துவிட்டதாகக் கருதுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே.

பெறுதி பூச்சியமாகும் இடமெல்லாம் உச்சமோ தாழ்வோ ஆகிவிடாது. ஓர் எண்ணின் கனத்தைச் சார்பாகக் கொண்டால், பூச்சியத்தில் பெறுதியும் பூச்சியமே. ஆயினும் சார்பு அதற்கு முன்னும் ஏறுகிறது, பின்னும் ஏறுகிறது. பெறுதியின் குறி நேரிலிருந்து மறைக்கு மாறினால் மட்டுமே உச்சம். மறையிலிருந்து நேருக்கு மாறினால் தாழ்வு. எல்லைப் புள்ளிகளையும், கூர்முனை போன்று பெறுதியே இல்லாத இடங்களையும் தனியே சோதிக்க வேண்டும். மாணவர் பலர் பூச்சியத்தைக் கண்டதும் விடையை எழுதிவிட்டு, குறியைப் பார்க்க மறந்துவிடுகின்றனர்.

இனி அத்தூஸியிடம் வருவோம். இவர் மராகா வானாய்வகத்தின் புகழ்பெற்ற நஸீருத்தீன் அத்தூஸி அல்லர். இருவரும் தூஸ் நகரத்தவர் என்பதாற் பெயர் ஒத்திருக்கிறது. ஷரபுத்தீன் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, 1213ஆம் ஆண்டளவில் மறைந்தவர். திமஷ்க், ஹலப், மவ்ஸில் ஆகிய நகரங்களிற் கற்பித்தவர். மவ்ஸிலில் இவரிடம் பயின்ற கமாலுத்தீன் இப்னு யூனுஸ், பின்னர் நஸீருத்தீனுக்கு ஆசிரியரானார்.

ஷரபுத்தீன் எடுத்துக்கொண்ட வினா சமன்பாடுகள் பற்றியது. அவருக்கு முன் உமர் கையாம் (1048–1131) கூம்பு வெட்டுக்கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகளைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளுக்கு விடை கண்டிருந்தார். கோடுகள் சந்திக்காவிடில் விடையில்லை. ஆனால் அவை எப்போது சந்திக்கும், எப்போது சந்திக்கா? மறை எண்கள் விடையாக ஏற்கப்படாத அக்காலத்தில் சமன்பாடுகள் 25 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஐந்து வகைகளுக்கு விடை இல்லாமற் போகக்கூடும். அந்த ஐந்தையும் ஷரபுத்தீன் தனியே எடுத்து ஆராய்ந்தார்.

நமது பெட்டி அவற்றுள் ஒன்றுதான். குறியீடுகளின்றிச் சொற்களாலேயே எழுதிய அவரது நடையிற் கூறுவதாயின், ஒரு கனமும் ஓர் எண்ணும் சேர்ந்து வர்க்கங்களின் ஆறு மடங்குக்குச் சமம் என்பது சமன்பாடு. அந்த எண் 32ஐ விடப் பெரிதாயின் விடையே இல்லை. 32 ஆயின் ஒரே விடை, அது 4. சிறிதாயின் இரண்டு விடைகள். உதாரணமாக, எண் 27 எனில் ஒரு விடை 3, மற்றது 4.854 அளவில். பொதுவாகச் சொன்னால், 6 இருந்த இடத்தில் எந்த எண் இருப்பினும் அதன் மூன்றில் இரண்டு பங்கில் உச்சம் அமையும். இந்த உச்சம் ஆர்க்கிமிடிசுக்கும் தெரிந்திருந்தது. கோளத்தைக் குறித்த விகிதத்தில் வெட்டும் அவரது புதிரிலிருந்து பிறந்தது இது. ஷரபுத்தீனின் தனிச்சிறப்பு, ஐந்து வகைகளையும் ஒரே ஒழுங்கில் ஆராய்ந்தமையே.

அவரது நிறுவல் அழகானது. அதன் சாரத்தை இன்றைய முறையில் சொல்வோம். 4இலிருந்து ஏதோ ஒரு அளவு விலகுவோம். அப்போது கனவளவு 32இலிருந்து எவ்வளவு குறையும்? விலகலின் வர்க்கத்தை, விலகலுடன் ஆறைக் கூட்டிய தொகையாற் பெருக்கினால் வருவதே அக்குறைவு. பக்கம் 5இல் விலகல் 1, குறைவு 7, கனவளவு 25. பக்கம் 3இல் விலகல் மறை 1; குறைவு 5; கனவளவு 27. விலகல் எத்திசையில் இருப்பினும் வர்க்கம் நேராகவே இருக்கும். பக்கம் நேராக உள்ளவரை மற்றக் காரணியும் நேரே. எனவே குறைவு எப்போதும் உண்டு. அத்துடன், பெரிய விடையைத் தேடும்போது இவ்விலகலையே அறியாக் கணியமாக்கி, முன்னரே தீர்த்த வேறொரு சமன்பாடாக அதனை அவர் மாற்றிவிடுகிறார்.

இக்கணக்கில் விலகலின் முதற்படி உறுப்பு முற்றாக மறைந்துவிட்டதை வாசகர் கவனித்திருப்பர். அவ்வுறுப்பின் குணகம்தான் பெறுதி. அது மறைவது பெறுதி பூச்சியமாவதற்குச் சமம். ஐந்து வகைகளிலும் உச்சத்தின் இடத்தைத் தருவதற்கு அவர் கையாண்ட சமன்பாடு, இன்று பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தி நாம் எழுதுவதேயாகும். அவரது நூலை அரபு மூலத்துடன் 1986இல் பாரிஸில் பதிப்பித்த ருஷ்தி ராஷித் இதனைக் கொண்டே பெறுதி என்ற கருத்து அவரிடம் இருந்ததென வாதிட்டார். டச்சு நாட்டு ஆய்வாளர் யான் ஹோகன்டைக் 1989இல் இதனை மறுத்தார். யூக்ளிட் வழிவந்த கேத்திரகணித ஒப்பீடுகளாலேயே அவ்விடத்தை அடைய முடியும் என்பது அவர் வாதம்.

நாம் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறோம். உச்சத்தில் மட்டுமன்றி எந்தப் புள்ளியிலும் மாற்றத்தின் வீதத்தைக் கேட்பதும், அதன் குறியைக் கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதும், எல்லாச் சார்புகளுக்கும் பொதுவான விதிகளை வகுப்பதும் பெறுதியின் இலக்கணம். ஃபெர்மா 1630களில் விலகலின் முதற்படி உறுப்பை நீக்கும் உபாயத்தைப் பொது முறையாக்கினார். லைப்னிட்ஸ் 1684இல் வெளியிட்ட கட்டுரை உச்சங்களையும் தாழ்வுகளையும் தலைப்பிலேயே கொண்டிருந்தது. அத்தூஸி அப்பொது விதிகளை வகுக்கவில்லை. முப்படிச் சமன்பாட்டுக்கு எப்போது விடை உண்டு என்ற வினாவை உச்சத்தைக் கொண்டு முடித்துவைத்ததே அவரது சாதனை. அதற்கு வேறொரு பெயர் தேவையில்லை.

உச்சத்தின் இடத்தை எவ்வாறு கண்டார் என்பதை அவர் எழுதவில்லை. கண்டபின் நிறுவலை மட்டுமே தருகிறார். நம் கைக்கு வந்திருப்பதும் அவரது மூலநூல் அன்று; பெயர் அறியப்படாத ஒருவர் சுருக்கி, கணக்கீட்டு அட்டவணைகளை நீக்கி எழுதிய பிரதியே.