இடுப்பு மூட்டு மாற்றிய பின் வரும் அசதி: விவசாயி வயலில் இறங்குவது எப்போது?

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட விவசாயிகள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பல வருடங்களாக வாட்டிய வலி போய்விட்டது. ஆனால் வாசல் வரை நடந்து வந்தாலே அடித்துப் போட்டாற்போல் அசதியாக இருக்கிறது என்கிறார்கள். காலையில் பல் துலக்கிக் குளித்து முடிப்பதற்குள் படுக்கை தேடுகிறது. பகலில் கண்ணை இழுக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்று வீட்டில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். 'நடக்கத்தான் முடிகிறதே, இன்னும் என்ன சோர்வு?' என்று அக்கம்பக்கத்தில் பேச்சும் கிளம்புகிறது.

இந்த அசதி பெரும்பாலோருக்கு வருவதுதான். முதல் ஆறு வாரம் அதிகமாக இருக்கும். மூன்று மாதத்தில் பெருமளவு குறையும். முழுப் பலம் திரும்ப ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வலி முதலில் போகிறது. பலம் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் விவசாயிக்கு ஆபத்து. வலி இல்லை என்ற தைரியத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்.

அசதி ஏன் வருகிறது?

தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை ஒன்று உண்டு. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் சுழல்கிறது. தேய்ந்துபோன பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு உலோகம், பிளாஸ்டிக், பீங்கான் ஆகியவற்றால் ஆனவற்றைப் பொருத்துவதே இந்த ஆபரேஷன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் வகுத்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை. வரப்பில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த முதியவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோனவர்கள் ஆகியோருக்கு இது செய்யப்படுகிறது. கடைசியாகச் சொன்ன நோய் நடுவயதினருக்கும் வருகிறது. அளவு மீறிய குடியும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் சாப்பிடுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

ஆபரேஷனின்போதும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டருக்கு மேலும் இரத்தம் குறையக்கூடும். உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். இழந்த சிவப்பு அணுக்களை உடம்பு மீண்டும் உண்டாக்கப் பல வாரங்கள் ஆகும். வெட்டித் தைத்த தசையும், எலும்பும் ஆறுவதற்கு உடம்பு உள்ளே ஓயாமல் வேலை செய்கிறது. வலி மாத்திரைகளில் சில மயக்கம் தருபவை. மல்லாந்தே படுக்க வேண்டியிருப்பதால் தூக்கமும் கெடுகிறது.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வலிக்கும் காலைக் காப்பாற்றி நொண்டி நடந்த காலத்தில் பிட்டத்துத் தசையும் தொடைத் தசையும் மெலிந்து போயிருக்கும். வண்டிக்குப் புது அச்சு போட்டாகிவிட்டது. பூட்டியிருப்பதோ மெலிந்த மாடு. மாடு தேறும் வரை பாரம் ஏற்ற முடியாது. தசை தேற உடற்பயிற்சியும் உணவும்தான் வழி. ஊசி போட்டால் பலம் வரும் என்று பாட்டில் பாட்டிலாக டானிக் வாங்குவதில் பயனில்லை.

ஓய்வையும் உழைப்பையும் முறை வைப்பது

அசதி என்று நாள் முழுதும் படுத்துக் கிடப்பது தவறு. படுத்தே இருந்தால் தசை மேலும் மெலியும். காலில் இரத்தம் உறையவும் இடமுண்டு. முறைப் பாசனத்தில் தண்ணீரைப் பிரித்து விடுவதுபோல நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிறிது நடை, பிறகு ஓய்வு. மீண்டும் சிறிது நடை. ஒரே மூச்சில் நடப்பதைவிட நாளைக்கு ஐந்தாறு தடவையாகச் சிறிது சிறிதாக நடப்பது மேல்.

தெருவில் உள்ள மின்கம்பங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஒரு கம்பம் வரை போய்த் திரும்பினால், மறுநாள் அசதி கூடவில்லை என்று தெரிந்த பிறகு இரண்டாவது கம்பத்துக்குப் போகலாம். மறுநாள் காலையில் கால் வீங்கி உடம்பு கனத்தால் முந்தின நாள் நடை அதிகம் என்று பொருள். அன்று பாதியாகக் குறைக்க வேண்டும். நடையை விட்டுவிடக் கூடாது. கம்பை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது கம்போடு ஆபரேஷன் ஆன காலும் முன்னே போக வேண்டும். சுவரைப் பிடித்து நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கும் பயிற்சி, எந்தக் கட்டத்தில் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னபின், விடாமல் செய்ய வேண்டியது. நொண்டல் போவது அதனால்தான்.

காலை வேளையில்தான் பலருக்குத் தெம்பு இருக்கும். குளியலையும் நடையையும் அப்போதே, இடையில் ஓய்வு விட்டு, முடித்துக்கொள்ளலாம். பகல் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும். பார்க்க வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போவது அன்பினால்தான். ஆனால் நோயாளியின் ஒரு நாளைய தெம்பு அதிலேயே தீர்ந்துவிடும். வீட்டுப் பெண்கள் இதில் சற்றுக் கண்டிப்பாக இருப்பதில் குற்றமில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இடுப்பை அதிகமாக மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உட்புறம் திருப்பக் கூடாது. மீறினால் மூட்டு நழுவிவிடும். உட்கார்ந்தால் முழங்கால், இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது நினைவில் வைக்கத்தக்க எளிய கணக்கு.

தொய்ந்த கயிற்றுக் கட்டில் இதற்கு உதவாது. பலகைக் கட்டிலின் கால்களுக்கு அடியில் நகராதபடி செங்கல் வைத்து உயர்த்தலாம். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் உயரமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். மலம் கழிக்கக் குந்தி உட்காரவே கூடாது. நடுவில் துளையுள்ள நாற்காலி வாங்கிக்கொள்ள வேண்டும். குளிக்க உயரமான முக்காலியும், குனியாமல் தண்ணீர் மொள்ள வாளியை வைக்க இன்னொரு முக்காலியும் தேவை. தூங்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும்.

பால் கறப்பது, அடுப்படியில் குந்தி அமர்வது, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவது ஆகியவை பெண்களுக்கு உள்ள சிக்கல்கள். ஆபரேஷன் ஆன பெண் பத்து நாளில் அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல குடும்பங்களில் இருக்கிறது. ஆணுக்கு உள்ள அதே ஓய்வு அவளுக்கும் வேண்டும். அடுப்பை மேடைக்கு ஏற்றுவது நிரந்தரமாகவே நல்லது.

பத்தியம் என்ற பெயரில்

தையல் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் வழக்கம் இன்னும் உண்டு. இது அசதியை வளர்க்கும். தசை வளரப் புரதம் வேண்டும். நாளைக்கு ஒன்றிரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், மீன், வேர்க்கடலை ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக் கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும்.

வெறுங்காலில் வயலில் உழைப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவால் ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கக்கூடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே ஹீமோகுளோபின் பார்த்து, புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தேவையா என்று கேட்டுக்கொள்வது மிகவும் நல்லது. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. ஆபரேஷனுக்குப் பின் அசதி மாதக்கணக்கில் நீடித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பதும் கட்டுவதும் உண்டு. தண்ணீரும் கீரையும் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகும்.

பட்டம் பார்த்து ஆபரேஷன்

எலும்பு முறிந்தவர்களுக்கு நாள் பார்க்க இடமில்லை. கூடிய விரைவில் செய்தாக வேண்டும். தேய்மானத்துக்காகச் செய்துகொள்பவர்கள், டாக்டர் தள்ளிப்போடலாம் என்று சொன்னால், பருவம் பார்த்துத் தேதி குறிக்கலாம்.

காவிரி டெல்டாவில் இரண்டு ஏக்கர் நன்செய் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்து மாசியில் ஆபரேஷன் செய்துகொண்டால், வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதங்களில் ஓய்வு கிடைக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நெல் தரிசில் ஆடுதுறை 3 உளுந்தை விதைத்துவிட்டால், அதிக வேலை இல்லாமல் 70, 75 நாளில் கைக்கு ஏதோ வரும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதியான ஜூன் 12 வரும்போது மூன்று மாதம் முடிந்திருக்கும். அப்போது குறுவை வேலையை மேற்பார்வை பார்க்கலாம். சேற்றில் இறங்கக் கூடாது. சேறுதான் இந்த மூட்டுக்குப் பெரிய பகை. கால் புதைந்து நிற்கும்போது உடம்பு திரும்பினால் முறுக்கல் முழுவதும் மூட்டில்தான் விழும். சம்பா நடவுக்குள் உடம்பு நன்றாகத் தேறியிருக்கும். மானாவாரிக்காரர்களும் மாசியில் செய்துகொண்டால் ஆடிப் பட்டத்துக்குள் ஐந்து மாதம் கிடைக்கும்.

அந்தப் பருவத்துக்குக் கூலி ஆள் செலவை ஆபரேஷன் செலவோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காததால்தான் பலர் ஆறாவது வாரமே வயலுக்கு ஓடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த மருத்துவமனையில் எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சும்மா உட்கார்ந்திருப்பதே உழைத்த உடம்புக்குப் பெரிய தண்டனை. மனம் சோர்ந்தால் அசதி இரட்டிப்பாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து விதை பொறுக்கலாம், வரவு செலவு எழுதலாம். செல்போன் மூலம் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் இருந்தால் பம்ப்செட் கொட்டகைக்கு நடக்க வேண்டியதில்லை. டி.வி.எஸ். 50, டிராக்டர் ஆகியவற்றை டாக்டர் அனுமதித்த பிறகே ஓட்ட வேண்டும். தண்ணீர் நிறைந்த 16 லிட்டர் தெளிப்பானையும், 45 கிலோ யூரியா மூட்டையையும் தூக்குவதை அடியோடு பிறரிடம் விட்டுவிடுவதே மேல். குந்தி உட்காருவதையும் பெரும்பாலோர் நிரந்தரமாகத் தவிர்ப்பது நல்லது.

அசதி என்று விட்டுவிடக் கூடாதவை

கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சுத் திணறுவது, நெஞ்சு வலிப்பது ஆகியவை இரத்தம் உறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை, சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. காய்ச்சலோடு தையலில் நீர் வடிந்தாலும், கால் திடீரென்று குட்டையாகி ஊன்ற முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாட்டு வைத்தியரிடம் காட்டி எண்ணெய் போட்டு நீவுவதும் இழுப்பதும் வேண்டவே வேண்டாம். வலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முள் குத்திய புண், சேற்றுப்புண், சொத்தைப் பல் ஆகியவற்றிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, பல வருடம் கழித்துக்கூடப் புது மூட்டில் போய்த் தங்கலாம். ஆகவே செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. சிறு புண்ணையும் உடனே கழுவி மருந்து போட வேண்டும்.

இந்த மூட்டு எவ்வளவு காலம் உழைக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி 100 மூட்டுகளில் ஏறத்தாழ 58, 25 வருடம் நீடிக்கின்றன. டாக்டர் சொன்ன தவணையில் எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டால், முதலில் பொருத்திய மூட்டின் வகையும் அளவும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அதைக் குறித்த சீட்டைக் கேட்டு வாங்கி, பட்டா, சிட்டா வைத்திருக்கும் பையிலேயே பத்திரப்படுத்தலாம்.