புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள்வழி நிறக்கலப்பு: ஒரு விளக்கம்

முன்னுரை

சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய முதன்மை நிறங்களின் கலப்பால் ஏனைய நிறங்கள் பிறக்கும் என்பது ஓவியப் பயிற்சியின் தொடக்கப் பாடம். ஆயினும் நிறச்சக்கரம் காட்டும் விளைவு நிறமிகளைக் கலக்கும்போது அவ்வாறே கிட்டுவதில்லை. இதற்கான காரணங்களைப் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பிலுள்ள மஞ்சள் சுவர்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நிறமியின் சாய்வு

நிறமி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி, எஞ்சியதைத் திருப்பியனுப்புகிறது. இரு நிறமிகள் கலக்கும்போது இரண்டும் உறிஞ்சாது விட்ட ஒளியே கண்ணை அடைகிறது. இரும்புச் சேர்மத்தால் நிறம்பெறும் மஞ்சள் காவி செம்மைச் சாய்வுடையது. அல்ட்ராமரின் நீலமும் அத்தகையதே. எனவே இவ்விரண்டின் கலவையில் மூன்று முதன்மை நிறங்களும் சேர்ந்துவிட, தளிர்ப்பச்சை தோன்றாது. மங்கிய பாசிநிறமே தோன்றும். மஞ்சள் சுவரின் நிழலைத் தீட்டக் கறுப்பைச் சேர்த்தாலும் பச்சைச் சாயல் படர்கிறது. மஞ்சளின் எதிர்நிறமாகிய ஊதாவைச் சிறிதளவு சேர்ப்பின் அக்குறை நீங்கும்.

சுண்ணாம்பின் காரத்தன்மை

இப்பகுதியின் பழைய கட்டடங்கள் செங்கல்லால் கட்டப்பட்டுச் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. காரைமேல் அடிக்கும் சுண்ணாம்பு நீரில் எந்த நிறமியையும் கலந்துவிட இயலாது. அதன் காரத்தன்மையை மண் நிறமிகளும் அல்ட்ராமரினும் தாங்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பிரஷ்ய நீலமோ சிதைந்து பழுப்பாகும். நிறச்சக்கரத்தில் இரண்டும் நீலமே. சுவரில் அவை ஒன்றல்ல. மேலும், ஈரத்தில் அடர்ந்து தோன்றும் சுண்ணாம்புக் கலவை உலர்ந்தபின் வெளிறிவிடுகிறது.

அண்டை நிறத்தின் தாக்கம்

பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோல், கறுப்பு நூல் மங்கித் தெரிவதாக எழுந்த முறையீட்டை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, அருகிருந்த நிறங்களில் உள்ளது எனக் கண்டார். 1839இல் வெளியான அவரது நூல் உடனிகழ் நிறமுரண் விதியை நிறுவியது. அவ்விதிப்படி, மஞ்சள் சுவரை ஒட்டிய வெண்பட்டை சற்றே ஊதா கலந்ததாகத் தோன்றும். மஞ்சளும் அதனால் பொலிவு பெறும்.

முடிவுரை

நிறமியின் சாய்வு, அது கலக்கும் ஊடகம், அண்டை நிறம் ஆகிய மூன்றுமே கண்ணில் படும் நிறத்தை முடிவு செய்கின்றன. பழுதுபார்த்த சுவருக்குப் பழைய மஞ்சளைப் பொருத்துவோர் ஈரக் கலவையை நம்பின் பிழை நேரும். சுவரின் சிறுபகுதியில் அடித்து, உலரவிட்டு, வெண்பட்டையின் அருகிலேயே ஒப்பிடுதல் வேண்டும். நிறச்சக்கரம் கலவைக்கு வழிகாட்டும். அதனைச் சரிபார்க்கும் இடம் சுவரேயாகும்.