கறுப்பிலும் உண்டு அழகு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதிலே கிராண்ட்பாஸ் வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். எம்மிடம் முன்னர் கல்வி பயின்று, இப்பொழுது இங்கிலாந்திலே மேற்படிப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி எம்மைக் கண்டு வணங்கினாள். விடுமுறைக்கு வந்திருந்தாள் போலும். தலை முதற் கால் வரை கறுப்பு உடை. கழுத்திலும் விரல்களிலும் வெள்ளி அணிகள். கண்களைச் சுற்றி அடர்ந்த மை. அருகே நின்ற மூதாட்டி ஒருவர், கையிற் செபமாலையுடன், பொறுக்கமாட்டாது கேட்டுவிட்டார்: “பிள்ளை, ஆற்றையும் செத்த வீடோ?”

“இல்லை ஆச்சி, எனக்குக் கறுப்பெண்டால் நல்ல விருப்பம்” என்று சிரித்தாள் அவள். பஸ் வந்ததும் ஆச்சியின் பையை வாங்கிக்கொண்டு, கைபிடித்து ஏற்றி, இருக்கையும் பிடித்துக் கொடுத்தாள். உடையைக் கண்டு முகஞ்சுளித்த நாமும் சற்றே நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எம் மாணவி சேர்ந்திருக்கும் கூட்டத்தாரைக் ‘கோத்’ என்பர். பெயர் மிகப் பழையது. கி.பி. 410 இல் உரோமாபுரியைச் சூறையாடிய ஜேர்மானிய இனத்தாரே ஆதிக் கோத்தியர். பிற்காலத்து இத்தாலியக் கலைஞர்கள், தமக்குப் பிடியாத இடைக்காலக் கட்டடங்களை இகழ்ந்துரைக்க அப்பெயரைப் பயன்படுத்தினர். பின்னர் 1764 இல் ஹோரஸ் வால்போல் என்பார் பாழ்மாளிகையும் ஆவியும் நிறைந்த நவீனமொன்றை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பிற்குக் ‘கோதிக் கதை’ என அடைமொழியும் சூட்டினார். அவ்வழியிலே 1818 இல் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நவீனமும், 1897 இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வும் தோன்றின. ஏச்சாகப் பிறந்த சொல் கலையின் பெயராக உயர்ந்த கதை இஃதாகும்.

இசைக்கு வருவோம். 1979 ஆம் ஆண்டில், நோர்தாம்ப்டன் நகரத்துப் ‘பௌஹவுஸ்’ என்னும் குழுவினர், டிராகுலாவாகத் திரையில் நடித்த பெலா லுகோசியின் பெயரால் ஒரு பாடலை இசைத்தட்டாக வெளியிட்டனர். ஒன்பது நிமிடத்திற்கு மேற்பட்ட அப்பாடலையே இவ்விசையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். சூசி என்னும் பாடகியின் ‘பான்ஷீஸ்’ குழுவும், ரொபேட் ஸ்மித் பாடும் ‘கியூர்’ குழுவும், லீட்ஸ் நகரத்துச் ‘சிஸ்டர்ஸ் ஒவ் மேர்சி’ குழுவும் அதனை வளர்த்தன. இவ்விசையிலே பாட்டின் மெட்டைப் பெரும்பாலும் மந்தர ஒலியுடைய பேஸ் கித்தாரே தாங்கும். ஏனைய கித்தார்கள் குகையினுள் எழும் எதிரொலி போல ஒலிக்கும். தாளம் மாறாது திரும்பத் திரும்ப வரும். லீட்ஸ் குழுவினரோ மேளக்காரருக்குப் பதிலாக இயந்திரத்தையே அமர்த்தினர். 1982 இல் இலண்டன் சோஹோ பகுதியிலே ‘பாட்கேவ்’, அதாவது வௌவாற்குகை, என்னும் இரவு மன்றம் திறக்கப்பெற்றது. இக்கூட்டத்தாருக்கு ஒரு கூடாரமும் கிடைத்தது.

உடை எங்கிருந்து வந்தது? கணவர் 1861 இல் இறந்த பின்னர், தாம் மறையும் 1901 வரை விக்டோரியா மகாராணியார் துக்கவுடையைக் களையவில்லை. அக்காலத்துக் கறுப்புப் பட்டும் வெல்வெட்டும் பின்னற்சரிகையும் இவர்களின் அலங்காரத்திலே மீண்டும் உயிர்பெற்றன. பழந்துணிக் கடையிலே வாங்கித் தம் கையாலேயே தைத்துத் திருத்தி அணிவோர் பலர். பொன்னினும் வெள்ளியே இவர்க்குப் பெரிது. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே 1992 முதல் நடந்துவரும் விழாவிற்குச் சுமார் 20,000 பேர் கறுப்புடையிலே கூடுகின்றனர். டிராகுலாக் கதையில் இடம்பெறும் விட்பி என்னும் இங்கிலாந்துக் கடற்கரைப் பட்டினத்திலும் 1994 முதல் இத்தகைய விழாக்கள் நடந்துள்ளன.

“சாவையும் இருளையும் பாடுவது ஒரு கலையா?” என வாசகர் வினவலாம். நம்மவர் காரைக்காலம்மையாரை மறத்தல் ஆகாது. அழகும் இளமையும் வாய்ந்த புனிதவதியார் அவற்றை உதறி, பேய் வடிவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடலையிலே ஆடும் இறைவனைப் பாடினார். பொலன்னறுவையிலே கிடைத்த அம்மையாரின் வெண்கலத் திருவுருவம் கொழும்பு நூதனசாலையில் உளது. எலும்பு தெரியும் மேனி, கையிலே தாளம், முகத்திலோ பேரானந்தம்! அம்மையாரது பக்தி வேறு, இவ்விளைஞரின் கலை வேறு; இரண்டையும் ஒன்றெனல் தவறு. ஆயினும், அஞ்சத்தக்கதன் எதிரே அஞ்சாது நின்று பாடலாம் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. அழுகையையும் அச்சத்தையும் மெய்ப்பாடு எட்டனுள் வைத்து எண்ணியவர் தொல்காப்பியர்.

உடையைக் கண்டு வெறுப்பதன் விளைவு யாது? 2007 ஆகஸ்ட் 11 ஆந் திகதி, லங்காஷயரிலுள்ள பேக்கப் பட்டினத்துப் பூங்காவிலே, சோபி லங்காஸ்டர் என்னும் 20 வயது நங்கையையும் அவருடைய காதலரையும் சில இளைஞர் தாக்கினர். கோத் உடை அணிந்திருந்ததை விட வேறு குற்றம் அவர்கள் செய்திலர். அடிபட்டு வீழ்ந்தவரின் தலையை மடியிலே தாங்கிக் காக்க முயன்ற சோபியையும் மிதித்தனர். பதின்மூன்று நாளின் பின் அவர் உயிர் நீத்தார். ஐவர் தண்டிக்கப்பெற்றனர், அவருள் இருவர்க்கு ஆயுட்சிறை. மகளை இழந்த தாயார் மகளின் பெயராலே ஓர் அறநிலையம் நிறுவினார். அது பாடசாலைகளிலே சகிப்புத்தன்மையைப் போதித்து வருகின்றது. 2013 இல் மான்செஸ்டர்ப் பெருநகரப் பொலிஸார், இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கினர்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கறுப்பை விரும்பினால் முதலில் அஞ்சற்க. அது கேட்கும் பாட்டை அருகிருந்து ஒருமுறை கேளுங்கள். மாணவர்க்கும் ஒரு வார்த்தை. வேற்றுடை அணிந்தவரை நகையாடுமுன், செபமாலை ஆச்சியின் பையைத் தூக்கியவர் யார் என நினைவுகூருங்கள். ஏதேனும் ஒரு விடுமுறை நாளிலே குடும்பத்தோடு நூதனசாலைக்குச் சென்று, அம்மையாரின் திருவுருவின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். அழகு எத்தனை வடிவிலே வரும் என்பதை அவர் சொல்லுவார்.