நாலு கம்பியில் ஒரு கடைத்தெரு
கம்ப்யூட்டருக்காகப் பிறந்த யு.எஸ்.பி. இன்று கிழக்கேகோட்டை நடைபாதையில் விசிறியாகச் சுற்றுகிறது, விளக்காக எரிகிறது. ஒயருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

மாலை ஆறு மணி. பழவங்காடி கணபதி கோயில் வாசலில் தேங்காய்கள் சிதறுகின்றன. பஸ்கள் உறுமுகின்றன. கிழக்கேகோட்டையின் இந்த இரைச்சலுக்கு நடுவே, நடைபாதையில் விரித்த நீல பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் உள்ளங்கை அளவு மின்விசிறி ஒன்று சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கழுத்தை எப்படி வளைத்தாலும் வளையும் குட்டி விளக்கு. கொசு பேட், தாடி டிரிம்மர், மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் விசிறி, நிறம் மாறும் நிலா, ஒரு டம்ளர் மட்டும் அடிக்கக்கூடிய ஜூஸ் மிக்ஸி. "ஏது எடுத்தாலும் நூறு" என்ற கூவல். கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தால், ஷீட்டின் ஓரத்தில் செங்கல் போல ஒரு பவர் பேங்க். கடை முழுவதற்கும் உயிர் அதுதான்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இவையெல்லாம் 'யு.எஸ்.பி. சாமான்'. ஆனால் இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை தம் வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டரைக்கூடச் சந்திக்கப்போவதில்லை.

யு.எஸ்.பி. இதற்காகப் பிறந்ததல்ல. 1990களின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முதுகுப்புறம் ஆஸ்பத்திரி நோயாளியின் படுக்கை மாதிரி இருந்தது. பிரின்டருக்கு அகலமான ஒரு துளை, மோடத்துக்கு வேறொன்று, கீபோர்டுக்கும் மௌஸுக்கும் வட்டமாகத் தனித்தனியாக இரண்டு. ஒன்றை மாட்டினால் மெஷினை அணைத்து மறுபடி போட வேண்டும். அப்படியும் வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டக் கிளம்பியவர்களில் ஒருவர் அஜய் பட். பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1990இல் இன்டெல்லில் சேர்ந்தவர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பாக், டிஜிட்டல், என்.இ.சி., நார்டெல் என ஏழு நிறுவனங்கள் கைகோர்த்தன. 1996 ஜனவரியில் முதல் விதிமுறை வெளியானது. யார் வேண்டுமானாலும் உரிமத்தொகை இல்லாமல் செய்துகொள்ளலாம் என்று இன்டெல் விட்டுக்கொடுத்ததுதான் இதில் பெரிய சமாச்சாரம். கிழக்கேகோட்டையின் நூறு ரூபாய் விசிறிக்கு மூலகாரணம் அந்தத் தாராளம்தான். பட்டுக்கும் அவரது சகாக்களுக்கும் 2013இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

பழைய தட்டையான யு.எஸ்.பி. ஒயரின் தோலை உரித்தால் நாலு கம்பிகள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. சிவப்பிலும் கறுப்பிலும் ஓடுவது 5 வோல்ட் மின்சாரம். வெள்ளையும் பச்சையும் பேசுவதற்கு: அதாவது தகவல் போய்வர. பிளக்கின் வாயைக் கூர்ந்து பார்த்தால் நாலு செப்புப் பட்டைகளில் ஓரத்து இரண்டும் சற்று நீளம் என்பது தெரியும். செருகும்போது அவைதான் முதலில் தொடும். விருந்தாளிக்கு முதலில் சாப்பாடு, பேச்சு பிறகு.

மின்சாரத்தைச் சேர்த்தது கீபோர்டுக்கும் மௌஸுக்கும் தனி அடாப்டர் வேண்டாமே என்பதற்காக. அளவும் கொஞ்சம்தான். 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதையும் மரியாதையாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். புதிதாகச் செருகப்பட்ட கருவி 100 மில்லி ஆம்பியரோடு அடங்கியிருந்து, தான் யார் என்று பச்சை, வெள்ளைக் கம்பிகளில் அறிமுகம் செய்துகொண்டு, கம்ப்யூட்டர் தலையாட்டிய பிறகே மீதியை எடுக்கலாம்.

நடைபாதை விசிறி இந்தச் சம்பிரதாயம் எதையும் பார்ப்பதில்லை. அதற்குள் பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. செருகிய நிமிஷமே சுற்றும். யாரையும் கேட்பதில்லை.

2000களில் இந்தக் குறும்பு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. டோக்கியோவின் அகிஹபாரா கடைகளிலும் சீனத் தொழிற்சாலைகளிலும் கிளம்பிய கற்பனைக்கு அளவில்லை. மேஜையில் மினுக்கும் கிறிஸ்துமஸ் மரம், பக்கத்து சீட்டுக்காரர் மீது ஸ்பாஞ்ச் ஏவுகணை விடும் பொம்மை பீரங்கி, விசிறி வைத்த கழுத்து டை, காலுக்கு வெப்பம் தரும் செருப்பு, ஒரே ஒரு டின் சோடா கொள்ளும் 'ஃப்ரிட்ஜ்'. ஏவுகணை மட்டும்தான் அந்தக் கும்பலில் நாலு கம்பியையும் பயன்படுத்திய யோக்கியன். கம்ப்யூட்டர் சொல்லாமல் அது சுடாது.

இரண்டரை வாட்டில் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 200 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 25,000 ஜூல் வேண்டும். இரண்டரை வாட்டில் அதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதுவும் ஒரு துளி வெப்பம்கூட வெளியே போகாமல் இருந்தால். அதனால் யு.எஸ்.பி. காப்பித் தட்டு காப்பியைச் சூடாக்குவதில்லை. ஆறுவதைச் சற்றே தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. ஃப்ரிட்ஜின் கதி இன்னும் பரிதாபம். ஆனால் ஒரு எல்.இ.டி. விளக்குக்கோ சின்ன மோட்டாருக்கோ இரண்டரை வாட் ராஜபோகம். கடைத்தெருவில் நிலைத்தவையும் அவைதான்.

வேடிக்கைச் சாமானுக்கு இந்த ஊர் புதிதல்ல. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரமான மேத்தன் மணியில், மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் ஒன்று வாயைப் பிளக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஓடிவந்து அதன் கன்னத்தில் முட்டும். ஒரு வாட்கூடச் செலவில்லை.

நாலு கம்பியும் வேலை செய்யும் உலகம் வேறு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பென் டிரைவ்களில் ஐ.பி.எம். விற்றதன் கொள்ளளவு 8 எம்.பி. ஐந்தரை ஃபிளாப்பிக்குச் சமம் என்று அன்று வாய் பிளந்தார்கள். இன்று கோயில் திருவிழா மைக்செட்காரரின் சட்டைப்பையில் இருக்கும் பென் டிரைவில் மண்டலகாலம் முழுக்கப் போட்டாலும் தீராத பக்திப் பாடல்கள். ஆட்டோவில் டேஷ்போர்டை விட்டு நகம் அளவு நீட்டிக்கொண்டிருப்பதும் அதுதான். ஆடிட்டரின் மேஜையில் உள்ள டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆதார் விரல்ரேகைக் கருவி, பில் அடிக்கும் பிரின்டர், பார்கோடு துப்பாக்கி எல்லாம் இந்த ஜாதி. இவற்றில் பச்சையோ வெள்ளையோ அறுந்தால் விளக்கு எரியும், வேலை நடக்காது.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது பெரியப்பாவால். மத்திய அரசு ஓய்வூதியரான அவர் கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார். நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜீவன் பிரமாண் திட்டத்தில் விரலை வைத்தால் போதும். கூடவே ஓய்வூதிய உத்தரவு, வங்கிப் புத்தகம் இவற்றின் படங்களை அச்செடுத்துக்கொள்ளலாம் என்று அவர் போனையும் எடுத்துக்கொண்டு ஒரு சேவை மையத்துக்குப் போனோம். வழியில் நடைபாதையில் பளபளவென்று பின்னல் போட்ட ஒயர் ஒன்றை வாங்கினேன்.

மாட்டியதும் போன் சார்ஜ் ஏறியது. ஆனால் மையத்துக் கம்ப்யூட்டருக்குப் போன் இருப்பதே தெரியவில்லை. கழற்றி மாட்டினோம், திருப்பி மாட்டினோம், போனை அணைத்துப் போட்டோம். வரிசை பின்னால் வாசல்வரை நீண்டது.

"வாட்ஸ்அப்ல அனுப்பிரலாம் பெரியப்பா."

"வேணாம்டா. பென்ஷன் பேப்பர் ஊரெல்லாம் சுத்தவா?"

கடைசியில் மையத்துப் பையன் என் ஒயரைக் கையில் எடுத்து, எடை போடுவதுபோல் இரண்டு முறை குலுக்கி, இழுப்பறையிலிருந்து அழுக்கு நிறத்தில் ஒரு பழைய ஒயரை எடுத்து மாட்டினான். மறு நிமிஷம் படங்கள் திரையில். என் ஒயருக்குள் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருந்திருக்கின்றன. செப்பு விலையை மிச்சம் பிடிக்க மற்ற இரண்டையும் போடவே இல்லை. வெளியே பார்க்க இரட்டைப் பிறவிகள். பெரியப்பாவின் தேய்ந்த கட்டைவிரலை விரல்ரேகைக் கருவி மூன்றாவது முயற்சியில் ஒப்புக்கொண்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு அவர் இருக்கிறார்.

ஏமாந்த கோபம் ஒரு வாரம் இருந்தது. பிறகு வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. பொது இடத்து சார்ஜிங் துளையில் போனை மாட்டாதீர்கள் என்று 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி எச்சரிக்கைப் புத்தகத்தில் ஒரு பகுதி இருக்கிறது. 'ஜூஸ் ஜாக்கிங்' என்று அதற்குப் பெயர். மின்சாரம் கொடுப்பதுபோல் கொடுத்து, மறுபுறம் பச்சை, வெள்ளைக் கம்பிகள் வழியே போனுக்குள் கைவிடுவது. இப்படி நிஜத்தில் பணம் இழந்ததாக நிரூபணமான கேஸ்கள் அரிது. சாதாரண மனிதனுக்கு இதைவிட போனில் வரும் பொய் லிங்க்தான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. ஆனாலும் வழி அடைபட்டிருப்பது நல்லதுதானே? அந்த அடைப்புக்கு வெளிநாட்டில் 'டேட்டா பிளாக்கர்' என்று தனிக் கருவியே விற்கிறார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால், பேசும் கம்பிகள் இல்லாத ஒரு சின்ன இணைப்பு. என்னை ஏமாற்றிய ஒயர் செய்ததும் அதே வேலைதான்.

இப்போது பழைய தட்டை முனை ஒதுங்கி, நீள்வட்ட டைப்-சி வந்துவிட்டது. 2014இல் அறிமுகமான இதற்கு 24 தொடுமுனைகள், எந்தப் பக்கம் திருப்பியும் செருகலாம். முதல் யு.எஸ்.பி.யை ஏன் இப்படிச் செய்யவில்லை என்றால், இரு பக்கமும் செருக வைத்தால் கம்பியும் சர்க்யூட்டும் கூடும், விலை ஏறும் என்று அன்று பயந்தார்கள். 2024 டிசம்பர் முதல் ஐரோப்பிய யூனியனில் புதிய போன்களுக்கு டைப்-சி கட்டாயம். தனி வழி நடந்த ஆப்பிளும் 2023இல் ஐஃபோன் 15இல் இதற்கு இறங்கிவந்தது. மின்சாரமும் எங்கோ போய்விட்டது. 2021 விதிமுறைப்படி டைப்-சி ஒயர் 240 வாட் வரை தாங்கலாம். இரண்டரை வாட்டின் கிட்டத்தட்ட நூறு மடங்கு.

இங்கேயும் நடைபாதை தன் வேலையைக் காட்டுகிறது. கழுத்து விசிறியில் டைப்-சி துளை இருக்கும். பெட்டியோடு வந்த ஒயரில் சார்ஜ் ஏறும். லேப்டாப்பின் இருபுறமும் டைப்-சி உள்ள விலை உயர்ந்த ஒயரைப் போட்டால் பிணம் மாதிரி கிடக்கும். விசிறி பழுது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. பழுதில்லை. எனக்கு மின்சாரம் வேண்டும் என்று சார்ஜருக்கு அடையாளம் காட்ட, துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் அளவில் இரண்டு கடுகளவு ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். அடையாளம் காட்டாதவனுக்கு டைப்-சி சார்ஜர் ஒன்றும் தராது. பழைய தட்டைமுனை சார்ஜர் கேட்காமலே தரும்.

விசிறி நின்றால் வியர்க்கும், அதோடு சரி. சார்ஜர் விஷயம் அப்படியல்ல. சுவரில் 230 வோல்ட், கையில் 5 வோல்ட். நடுவே இரண்டையும் பிரித்து வைப்பது அடாப்டருக்குள் உள்ள ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். மட்டமான அடாப்டரில் சுருங்குவது அந்த இடைவெளி. போன் அடாப்டருக்கும் பவர் பேங்க்குக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு கட்டாயம். சாமானின் மேல் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். நூறு ரூபாய்க் குவியலில் அதைத் தேடிப் பார்த்தால் பொழுது போகும். விசிறியை அங்கே வாங்கலாம், விளக்கை வாங்கலாம். சுவரில் செருகும் எதையும் அங்கே வாங்குவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

பவர் பேங்க்கின் எண்ணிலும் ஒரு ஜாலம். 10,000 என்று போட்டிருப்பது உள்ளே 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே விடும்போது 7,400 ஆகிறது. வழியில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சம். வளைகுடாவுக்குப் பறப்பவர்கள் நிறைந்த ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானத்தில் இதைக் கைப்பையில்தான் கொண்டுபோகலாம், சரக்கில் போடக்கூடாது. வழக்கமான வரம்பு 100 வாட்-மணி. 20,000 என்று போட்டது 74 வாட்-மணிதான் வரும். 30,000 என்று போட்டது வரம்பைத் தாண்டும்.

போன வாரம் மறுபடி அந்த நீல ஷீட்டின் முன் நின்றேன். சாலை மார்க்கெட்டுக்குப் போகும் கூட்டம் முழங்காலை இடித்தது. ஒயர்களைக் குவித்து வைத்திருந்தவரிடம், சார்ஜ் மட்டும் ஏறும் ஒயர் எது, டேட்டாவும் போகும் ஒயர் எது என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, குவியலை இரண்டாகப் பிரித்தார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கேட்டவர்கள்தான் இல்லை. ஒவ்வொன்றில் ஒன்று வாங்கினேன். சார்ஜ் மட்டும் ஏறும் ஒயருக்கு வீட்டில் சிவப்பு நூல் சுற்றி, ரயில் பயணத்துக்கான பைக்குள் போட்டிருக்கிறேன். மற்றது பெரியப்பாவின் பென்ஷன் ஃபைலோடு இருக்கிறது.