நூலைப் போல சேலை: புவா கும்பு சொல்லித்தரும் பாடம்



'மலேசியக் கைவினைப் பொருள்கள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் பாத்தேக், சோங்கேட், புவா கும்பு என்று பெயர்களை அடுக்கிவிடுகிறோம். "சரி, புவா கும்பு எப்படி நெய்றாங்க?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். லாபிஸ் போன்ற ஊரில் தறியையே பார்க்காத பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால், பெயர் மட்டும் தெரிந்தால் ஒரு வரிதான் எழுதலாம். செய்முறை தெரிந்தால் ஒரு பத்தியே எழுதலாம்.

முதலில் இரண்டு சொற்கள். நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை.

உடம்பே தறி

சரவாக்கின் இபான் பெண்கள் புவா கும்புவை இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். பாவின் ஒரு முனை சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை, நெய்பவரின் இடுப்பைச் சுற்றிய பட்டையோடு இணைந்திருக்கும். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னால் குனிந்தால் தளரும். கை எட்டும் அளவுதான் துணியின் அகலம். அதனால்தான் பெரிய புவா, இரண்டு துண்டுகளை நடுவில் தைத்துச் சேர்த்ததாக இருக்கும். தொலைவில், குவாத்தமாலாவின் மாயா பெண்களும் இதே வகைத் தறியில்தான் நெய்கிறார்கள்.

வடிவம் எப்போது விழுகிறது?

இங்கேதான் கவனம் வேண்டும். மதுரைச் சுங்குடியில் நெய்து முடித்த துணியை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுவார்கள். மாயா பெண்கள் நெய்யும்போதே வண்ண ஊடையைக் கூடுதலாகச் செருகிப் பூ எடுப்பார்கள். புவாவிலோ, நெய்வதற்கு முன்பே பாவு நூலைக் கொத்துக் கொத்தாக நாரால் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்தால் வடிவம் நூலிலேயே தெரியும்! செந்நிறம் மெங்குடு வேரிலிருந்து வருகிறது. நம் நுணா மரமும் அதே பேரினம்தான். பருத்தி அந்தச் சாயத்தைப் பிடிக்க உப்பு, இஞ்சி, எண்ணெய் சேர்த்து நூலைப் பதப்படுத்தும் சடங்கை 'ஙார்' என்பார்கள். அதைப் பெண்களின் போர் என்றே இபான் மக்கள் மதித்தார்கள்.

பழமொழிக்கு வருவோம்

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பதற்கு நல்ல நூல் என்றால் நல்ல சேலை என்று விளக்கம் சொல்கிறோம். புவாவைப் பார்த்தால் பொருள் இன்னும் ஆழமாகும். துணியில் தெரியப்போவது முழுக்க நூலில் முன்பே இருக்கிறது. பழமொழியின் முதல் பாதியும் பொருந்துகிறது பாருங்கள். மரபுப்படி வடிவத்தைத் தாளில் வரைவதில்லை. சில வடிவங்கள் கனவில் கிடைத்தவை என்பார்கள். தாயின் அருகில் உட்கார்ந்து பார்த்துத்தான் மகள் கற்றாள். இன்று அந்த மகள் வேலைக்காக நகரத்துக்குப் போய்விட்டால், தாயின் மனத்தில் இருக்கும் வடிவம் அவரோடு போய்விடும். இதனால்தான் கூச்சிங்கில் துன் ஜூகா அறவாரியம் பழைய புவாக்களைச் சேகரிப்பதோடு, நெசவையும் கற்றுக்கொடுக்கிறது.

மாணவர்களே, 'பாரம்பரியம் அழிந்து வருகிறது' என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். எது, எப்படி, யாருடைய கையிலிருந்து போகிறது என்று எழுதுங்கள். பாவு, ஊடை என்ற சொற்களையும் பயன்படுத்துங்கள். நாம் எழுதாமல் விட்டால் அவையும் அவிழ்ந்துபோகும்.