கரைமேல் சைக்கிள், இருபுறமும் தண்ணீர்

பரத்பூரில் பறவை பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலரைக்கூட மறந்துவிட்டுப் போகலாம், வாடகைக்குக் கிடைக்கும். மறக்கக் கூடாதது சைக்கிள் ஓட்டும் பழக்கம். ராஜஸ்தானின் கிழக்கு ஓரத்தில், ஆக்ராவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பறவைகள் இருக்கும் பகுதிக்குள் பயணிகளின் காருக்கு அனுமதி இல்லை. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், இல்லையென்றால் ரிக்‌ஷா. மொத்தப் பரப்பே சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். புலிக்காட்டில் ஜீப்புக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்கு இது தோட்டம் போலத் தெரியும். இந்தச் சின்ன இடத்தில் 350க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

வாசலிலிருந்து உள்ளே இருக்கும் கேவலாதேவ் சிவன் கோயில் வரை மரங்கள் அடர்ந்த நேர்ச்சாலை ஒன்று போகிறது. அதிலிருந்து இடமும் வலமுமாக மண்கரைகள் பிரிகின்றன. சாலையில் சைக்கிளை மிதித்து, பிரிவு வந்ததும் ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கரையில் நடப்பது நல்லது. கரைகளில் முள் உண்டு, டயருக்கு ஆகாது. தவிர, நடந்தால்தான் இலைக்கோழி கண்ணில் படும். நீண்ட விரல்களைப் பரப்பி மிதக்கும் இலைகள்மேல் அது நடப்பதைப் பார்க்க, நின்று பார்க்கும் பொறுமை வேண்டும்.

ரிக்‌ஷா ஓட்டுபவர்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வனத்துறையிடம் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். எந்தப் பொந்தில் ஆந்தை தூங்குகிறது, குளிர்காலத்தில் எந்த வளைக்கு வெளியே மலைப்பாம்பு வெயில் காய வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முதல் நாள் ஒரு ரிக்‌ஷாக்காரரோடு, மறுநாள் தனியாகச் சைக்கிளில் என்று வைத்துக்கொண்டால் இடம் பிடிபட்டுவிடும்.

அப்படிக் கரை கரையாகச் சுற்றும்போது ஒன்று புரியவரும். ஒவ்வொரு கரைக்கும் இந்தப் பக்கம் ஒரு தண்ணீர் மட்டம், அந்தப் பக்கம் வேறொரு மட்டம். நடுவில் மதகு. பூங்காவின் ஈரநிலம் இப்படிப் பல பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆழம் மாறினால் பறவையும் மாறும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் மேயும். முழங்கால் அளவில் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் அலகால் துழாவும். இன்னும் ஆழத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி மீன் பிடிக்கும். நாரைகள் கூடு கட்டுவதற்கு நீர் நடுவே நிற்கும் கருவேல மரங்களே பிடிக்கும். கீழே தண்ணீர் இருக்கும்வரை நரி கிட்டே வராது. மதகை ஏற்றி இறக்கும் கைதான் இத்தனைக்கும் பந்தி வைக்கிறது.

ஆக, இது கட்டியெழுப்பப்பட்ட சதுப்பு. கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகள் சேரும் வட்டாரத்தில் இயல்பாக இருந்த பள்ளம் இது. பரத்பூரை ஆண்ட சூரஜ் மல் 18ஆம் நூற்றாண்டில் அஜான் அணைக்கரையை எழுப்பி வெள்ளத்தைத் தேக்கினார். பிற்பாடு சமஸ்தானத்தார் அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, கரையும் மதகும் அமைத்து, இந்தப் பள்ளத்தை வாத்து வேட்டைக்களமாக்கினார்கள். கோயிலுக்கு அருகே வேட்டைக் கணக்கு பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் விருந்து வேட்டையில் ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273 பறவைகள்!

சுதந்திரத்துக்குப் பிறகு, இதை வற்றடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பறவையியலாளர் சாலிம் அலி போன்றவர்கள் குறுக்கே நின்றதால் நிலம் பிழைத்தது. 1981ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் 1985ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில், 1982ல் ஒரு கசப்பு. தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று தடை வந்தது. தலைமுறைகளாக எருமை மேய்த்துவந்த சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

தடை நிலைத்தது, ஆனால் நினைத்தது நடக்கவில்லை. எருமை மேயாத தண்ணீரில் ஒருவகைப் புல் படர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் வி.எஸ். விஜயன் தலைமையில் 1980களில் நடந்த நீண்ட ஆய்வு, எருமை மேய்ந்தது இந்த ஈரநிலத்துக்கு நன்மையே செய்தது என்று காட்டியது. இவர்தான் பின்னர் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார். அந்த ஆய்வுக்குப் பிறகு கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துப் போக வழி செய்யப்பட்டது. நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே சீமைக்கருவேலம் இங்கேயும் பரவியபோது, அதை வேரோடு எடுத்து விறகாகக் கொண்டுபோனவர்களும் அவர்களே.

மனிதக் கையை விலக்கினால் இயற்கை தானாகச் செழிக்கும் என்ற எண்ணம் இங்கே தோற்றது. இன்னொரு தோல்வி தண்ணீரில். பூங்காவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி கன அடி நீர் தேவை. கம்பீர் ஆற்றின் மேலே, கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்தது. பாணகங்காவின் நீரோ மேல்பகுதித் தேக்கங்களோடு நின்றுபோனது. வயலுக்கா, பறவைக்கா என்ற தகராறில் 2000களின் நடுவில் பூங்காவின் பெரும்பகுதி காய்ந்தது. பின்னர் 2012 வாக்கில் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சம்பல் ஆற்று நீரும் ஓரளவு வருகிறது. இவை உயிர் காத்தன என்பது உண்மை. ஆனால் ஆற்று வெள்ளம் தண்ணீரை மட்டுமா கொண்டுவரும்? மீன்குஞ்சும் விதையும் வண்டலும் சேர்ந்தே வரும். குழாய் நீரில் அந்தச் சீதனம் குறைவு.

மதகாலும் குழாயாலும் மீட்க முடியாத இழப்பும் உண்டு: இங்கே வந்துபோன சைபீரியக் கொக்குகள் இப்போது வருவதில்லை. 1960களில் சுமார் 200 வரை எண்ணப்பட்ட அந்த வெள்ளைக் கொக்குகளில் கடைசி ஜோடி 2001–02 குளிர்காலத்தோடு வராமல் போனது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே வரும் நெடுவழியில் வேட்டைக்கு இரையானது முக்கியக் காரணம். வேலிக்குள் எவ்வளவு காவல் போட்டாலும், வேலிக்கு வெளியே நடப்பதற்குப் பூங்கா பொறுப்பேற்க முடியாது.

எப்போது போகலாம்? ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டில் குஞ்சுகளின் சத்தம். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கொக்கு எல்லாம் ஒரே மரத்தில் குடித்தனம் நடத்தும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும் என்பதால், பத்து மணிவாக்கில் கிளம்பினாலும் குறைவில்லை. டெல்லி–மும்பை ரயில் பாதையில் பரத்பூர் நிலையம் இருப்பதால் போய்ச் சேர்வது எளிது.

டிக்கெட் போடும் முன் விடுதிக்காரரிடம் அறை வாடகையை விசாரிப்போம். அதோடு இந்த வருஷம் கம்பீரில் தண்ணீர் வந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். எத்தனை பறவைகளைப் பார்ப்பீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதில்தான்.