கறையான் தின்று மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளை

ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. கோடைமழை இறங்கி நிலம் நன்றாக நனைந்ததும் சில நாள்களுக்கு மட்டும், பெரும்பாலும் இரவில், மேலே வரும். முட்டையிட்டு முடித்ததும் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். ஒருவருடைய தோட்டத்திலேயே அது குடியிருந்தாலும், அவர் ஆயுள் முழுக்க அதைப் பார்க்காமலே போகலாம்.

அரிய விலங்கு என்றதும் பனிமலையும் ஆழ்கடலும் மனித வாடையே இல்லாத அடர்காடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தத் தவளை கிடைத்ததோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கட்டப்பனைப் பக்கத்தில். ஏலமும் மிளகும் காப்பியும் விளைகிற, தேனி, கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப் ஏறி ஆட்கள் வேலைக்குப் போய் வருகிற மலை அது. இந்திய உயிரியலாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசுய்ட்டும் 2003 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். புதிய தவளை ஒன்று கிடைத்தால், ஏற்கெனவே தெரிந்த ஒரு குடும்பத்துக்குள் அதற்கு இடம் கண்டுபிடிப்பதுதான் வழக்கம். இதற்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டு, இதற்காகவே தனிக் குடும்பம் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

இதன் குஞ்சு மட்டும் அறிவியலுக்குப் புதிதல்ல. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அனண்டேலும், தவளை ஆய்வாளர் சி.ஆர். நாராயண ராவும் 1917-18 வாக்கிலேயே இதன் தலைப்பிரட்டையைப் பற்றி எழுதிவிட்டார்கள். தலைப்பிரட்டை வளர்வது ஓடையில். தாய் வாழ்வது மண்ணுக்கடியில். எனவே ஓடையில் பிடித்த குஞ்சு எந்தத் தவளையுடையது என்பது விளங்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மலையில் இருப்பவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அவர்களிடம் இதற்குப் பாதாளத் தவளை என்றும், ஓணத்துக்கு ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து வந்து போகும் மகாபலியை நினைத்து மாவேலித் தவளை என்றும் பெயர்கள் வழங்குகின்றன.

பார்ப்பதற்கு இது நமக்குப் பழக்கமான தவளைபோல் இருக்காது. கையால் உருட்டி வைத்த கேழ்வரகுக் களி உருண்டைக்கு நான்கு குட்டைக் கால்களை ஒட்டியது போன்ற உடம்பு. நிறமும் ஏறத்தாழ அதுதான். பெண் 7 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ஆண் அதைவிடச் சிறியது. சின்னத் தலை, சின்னக் கண்கள், முன்னால் கூம்பி வெளுத்துத் துருத்திய மூக்கு, அதற்குக் கீழே ஒடுக்கமான வாய். பாய்ந்து பூச்சி பிடிக்கும் வாய் அல்ல இது. மண்ணுக்குள் கறையான் இருக்கும் இடமாகப் பார்த்து மூக்கை நுழைத்து, நாக்கால் எடுத்துத் தின்பதற்கு ஏற்றது. பின்னங்கால்களின் அடியில் மண்வெட்டி விளிம்புபோல் கெட்டியான ஒரு புடைப்பு உண்டு. அதைக் கொண்டு மண்ணை இருபுறமும் தள்ளியபடி பின்புறமாகவே கீழே இறங்கும். ஈரமண்ணாக இருந்தால் சில நிமிடங்களில் ஆள் காணாமல் போய்விடும். இரைக்காகவும் அது வெளியே வர வேண்டியதில்லை. இத்தனை காலம் நம் கண்ணில் படாததற்கு முதல் காரணம் இதுதான்.

இதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது இந்தியாவில் அல்ல. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில். அங்கிருப்பவை மிகச் சிறிய தவளைகள். அவற்றில் ஒன்று முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுதான் தாண்டும். ஈரத் தோலால் மூச்சுவிடும் தவளை உப்புக் கடலை நீந்திக் கடப்பது ஆகாத காரியம். அப்படியானால் இந்த உறவு எப்படி வந்தது? செஷல்ஸின் முக்கியத் தீவுகள் எரிமலை கக்கியவையோ பவளம் வளர்ந்து உருவானவையோ அல்ல, கருங்கல் பாறையாலானவை. இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் கோண்டுவானா என்ற பெருநிலத்தின் துண்டுகள். முதலில் மடகாஸ்கர் பிரிந்தது. பிறகு, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், செஷல்ஸையும் விட்டுவிட்டு இந்தியா வடக்கே நகர்ந்தது. நிலம் பிரிந்தபோது தவளைகளும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோயின. ஆனால் இரண்டு வம்சங்களும் அதற்கும் வெகு முன்பே, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, கிளை பிரியத் தொடங்கிவிட்டன என்று 2003 கட்டுரை கணித்தது. பிந்தைய மரபணு ஆய்வுகள் அந்தக் காலத்தைக் குறைத்துச் சொல்கின்றன. எப்படியும் இமயமலை எழும்புவதற்கு முன்பே இந்த நிலத்தில் ஏறிவந்த குடி இது. ஒரு கண்டம் நகர்ந்த கதைக்கு உயிரோடு இருக்கும் சாட்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

இனப்பெருக்கத்தைப் பற்றிய விவரமான பதிவுகள் கிடைத்தது 2010-க்குப் பிறகுதான். சித்திரை, வைகாசியில் பருவமழைக்கு முந்திய மழை விழுந்ததும், ஓடைக்கரை மண்ணுக்குள் இருந்தபடியே ஆண் தவளை கத்தத் தொடங்கும். கோழி கொக்கரிப்பது போன்ற குரல். சத்தம் காலடியில் கேட்கும், குனிந்து தேடினால் வெறும் மண்தான் இருக்கும். பெண் வந்ததும் ஆண் அதன் பின்முதுகில் ஏறி இடுப்பைப் பற்றிக்கொள்ளும். தன்னைவிடச் சிறிய துணையைச் சுமந்துகொண்டு பெண் ஓடைக்குப் போகும். நீர் இன்னும் பெருகாத அந்த நேரத்தில், பாறைக் குழிகளிலும் இடுக்குகளிலும் தேங்கிய தண்ணீரில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் அதே ஓடை காட்டாறாகப் பாய்கிறது. மற்ற தவளைக் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போகும் அந்த வேகத்தில்தான் இந்தத் தலைப்பிரட்டை வளர்கிறது. அதன் வாய் அகன்ற உறிஞ்சியாக அமைந்திருக்கிறது. வழுக்குப் பாறையில் வாயை அழுத்திப் பதித்து, தலைக்கு மேல் வெள்ளம் புரளப் புரள, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். சுமார் மூன்று, நான்கு மாதம் இந்த வாழ்க்கை. கால் முளைத்துத் தவளையானதும் மண்ணுக்குள் போய்விடும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனைமலைப் பகுதியிலும் ஊதாத் தவளை பதிவாகியிருக்கிறது. 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து இதே குடும்பத்தின் இரண்டாவது இனம் அறிவிக்கப்பட்டது. பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைத்தது. காட்டிலேயே உழைத்துக் காட்டிலேயே உயிர்விட்ட ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடைத்திருக்காது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வாழ, கிழக்குச் சரிவின் இந்த இனம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஒரே மலைத்தொடரின் இரு பக்கமும் மழைக்காலம் மாறியதால் இனமும் இரண்டாயிற்று என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இதற்கு வரும் ஆபத்துகளும் கண்ணில் படாதவையாகவே இருக்கின்றன. புலிக்குச் சரணாலயம் அமைக்கலாம். இந்தத் தவளையோ பல இடங்களில் சரணாலயத்துக்கு வெளியே, தோட்டங்களிலும் அவற்றின் ஓரத்து ஓடைகளிலும் வாழ்கிறது. ஓடையின் குறுக்கே சிறிய தடுப்பணை கட்டினால் நமக்குத் தண்ணீர் தேங்குகிறது; முட்டையிடும் பாறைக்குழி மூழ்குகிறது, குஞ்சுக்குத் தேவையான நீரோட்டம் நிற்கிறது. மழை இரவில் ஓடைக்கு வரும் தவளைகள் சாலையில் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. கேரளத்தில் சில பழங்குடியினர் தலைப்பிரட்டைகளை உணவுக்காக அள்ளுவதும் பெரிய இழப்பு என்று 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உண்டுவந்த உணவு அது. அவர்களைக் குற்றவாளிகளாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எந்த ஓடையில், எந்த மழைக்கு, எத்தனை குஞ்சு வரும் என்று நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். பாதுகாப்பு வேலையை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தத் தவளையைத் தேடக் கண்ணைவிடக் காது உதவும். பதிவுசெய்த குரலை ஓடைக்கரையில் ஒலிக்கவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் ஆண்கள் பதில் கொடுக்கின்றன என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. குழி தோண்டாமல், ஒரு தவளையையும் தொந்தரவு செய்யாமல் எந்தெந்த ஓடையில் இருக்கிறது என்று இப்படிக் கணக்கெடுக்க முடியும். தேனி, விருதுநகர் மாவட்ட மலையோர ஓடைகளில் அடுத்த தடுப்பணைக்கு இடம் குறிக்குமுன், மழை தொடங்கும் அந்தச் சில இரவுகளில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இந்தக் கணக்கை எடுத்துவிட வேண்டும்.